ஓதம் ஏறும் சுவர், ஒழுகும் மெட்ராஸ் டெரஸ்: பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்கு யோசனை வேண்டும்

வண்ணை வாசகன் | 2024 ஜனவரி 7

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் என் தாயார் (வயது 71) வசிக்கிறார். முன்கூடமும் அதை ஒட்டிய அறையும் தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய கூரை. சுவர் ஒன்றரைக் கல் கனம், சுண்ணாம்புக் காரைக் கட்டு. பின்புறச் சமையலறையும் குளியலறையும் 1978-இல் சேர்த்துக் கட்டிய கான்கிரீட் தளம்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் கூடத்துக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. வடிந்து ஒரு மாதம் ஆகியும் கூடத்துச் சுவர்களில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து, கை பட்டால் பூச்சு மாவாக உதிர்கிறது. முன்னறைக் கூரையில், கைப்பிடிச்சுவர் ஓரமாக, காபிக் கறை போல வளையம் வளையமாகத் தெரிகிறது. சமையலறைக் கூரையில் ஒரு முறம் அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. விழுந்தது இரவு நேரம் என்பதால் யாருக்கும் அடி இல்லை.

ஒரு ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். சுவர்ப் பூச்சை நான்கடி உயரத்துக்குக் கொத்திவிட்டு, நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமென்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றும், மாடியில் வெள்ளை நிறக் கூலிங் பெயின்ட் இரண்டு கை அடித்தால் ஒழுகல் நின்றுவிடும் என்றும், எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ஆகும் என்றும் சொன்னார். பொங்கலுக்குள் முடித்துத் தருவதாகவும் சொல்கிறார். தாயாருக்கும் அதில் ஆசை. எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்ப் பொறியாளர் | 2024 ஜனவரி 7

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சமையலறையில் கான்கிரீட் பெயர்ந்த இடத்துக்குக் கீழே தாயார் நிற்கவே கூடாது. அடுப்பை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றி, தளத்துக்கு அடியில் பலகை வைத்துச் சவுக்குக் கழியாலோ இரும்பு ஜாக்கியாலோ முட்டுக் கொடுங்கள். அந்தக் கூரையில் மின்விசிறி இருந்தால் கழற்றிவிடுங்கள். அதன் கொக்கியையும் அதே துருதான் தின்றிருக்கும். ஈரம் பட்ட சுவர்களில் உள்ள சுவிட்சுகளுக்கு மெயினிலேயே மின்சாரத்தை நிறுத்தி, எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு நோய் அல்ல, மூன்று. கூடத்துச் சுவரில் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், கீழிருந்து மேலே ஏறுகிறது. முன்னறையில் தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குகிறது. சமையலறையில் தண்ணீரை விடக் கம்பியின் துருவே பெரிய பகை. மூன்றுக்கும் ஒரே மருந்து என்று சொல்பவர் மூன்றில் ஒன்றையும் பார்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சில விவரங்கள் வேண்டும். தெருவின் மட்டம் கூடத்துத் தரையை விட மேலே இருக்கிறதா? மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது? கூடத்துச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது? ஓரடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை எடுத்து, ஈரம் தெரியும் இடத்தில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய பக்கத்தில் கோத்திருந்தால் அது காற்றின் ஈரம்.

வண்ணை வாசகன் | 2024 ஜனவரி 10

மிக்க நன்றி ஐயா. முட்டுக் கொடுத்தாயிற்று. அடுப்பு முன்னறைக்கு வந்துவிட்டது.

தெரு மட்டத்தை அளந்தேன். தாத்தா காலத்தில் வாசலில் மூன்று படி ஏறி வீட்டுக்குள் போவோம் என்று தாயார் சொல்வார்; இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கித்தான் போகிறோம். சாலை கூடத்துத் தரையை விடப் பதினான்கு அங்குலம் உயரத்தில் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதன் பலன் இது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது.

மாடித் தண்ணீர் ஒரே குழாய் வழியாக இறங்கி, 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழிக்குப் போகிறது. அந்தக் குழி கூடத்துச் சுவரிலிருந்து ஒன்றரை அடியில்தான் இருக்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். வடக்குச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை. பிளாஸ்டிக் தாளில் இரண்டு இடத்திலும் சுவரை ஒட்டிய பக்கம்தான் நீர் கோத்திருந்தது. வடக்குச் சுவரில் மட்டும் ஈரம் ஐந்தடி வரை போகிறது.

பெரம்பூர்ப் பொறியாளர் | 2024 ஜனவரி 10

அந்த ஐந்தடிதான் விடை. பழைய செங்கல் சுவரில் மண்ணிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்றடி, மூன்றரை அடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஏறுவதற்குள் காற்றில் உலர்ந்துவிடும். ஐந்தடி போகிறது என்றால் அங்கே பக்கத்து வீட்டுக் குழாயோ குளியலறைத் தரையோ கசிகிறது. அவர்களிடம் சண்டைக்குப் போகாமல், உணவுக்குப் போடும் கலர்ப் பொடியைக் கரைத்து அவர்கள் குளியலறைத் தரையில் ஊற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். உங்கள் சுவரில் நிறம் தெரிந்தால் வாதமே வேண்டாம்.

குழியை மூடிவிட்டுச் சுவரிலிருந்து தள்ளி வேறு குழி எடுங்கள். நல்ல எண்ணத்தோடு தோண்டிய குழிதான் இருபது ஆண்டுகளாக அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறது.

சுண்ணாம்புக்காரர் பேரன் | 2024 ஜனவரி 12

என் தாத்தாவும் அப்பாவும் ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் சுண்ணாம்பு வேலை செய்தவர்கள். எனக்கு வேறு வேலை என்றாலும் கரண்டி பிடிக்கத் தெரியும். மெட்ராஸ் டெரஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உத்திரங்களின் மேல் மரச் சட்டங்களை நெருக்கமாகப் போட்டு, ஆறு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் ஒரு அங்குல கனமும் உள்ள தட்டைச் செங்கல்லைச் சாய்வு வரிசையில் குத்துக்கல்லாக நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அதனால்தான் சிலர் இதைக் கட்டைக்குத்து ஒட்டு என்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துக்கொண்டே மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கட்டை பட்டுத் துள்ளி எழும்பும்வரை தட்ட வேண்டும் என்பது என் அப்பாவின் கணக்கு. அதன் மேல் தட்டோடு. இந்தக் கட்டுமானத்துக்கென்றே ஐ.எஸ். 2119 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இந்தத் தளம் கொஞ்சம் ஈரத்தை வாங்கும், வெயிலில் அதைத் திருப்பி விட்டுவிடும். மரம் வெயிலுக்கும் மழைக்கும் அசையும். சுண்ணாம்பு அதோடு சேர்ந்து அசைந்து கொடுக்கும். அதன் மேல் இரண்டு அங்குலம் சிமென்ட் போட்டால் சிமென்ட் அசையாது, வெடிக்கும். வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியின்றி மரத்தின் தலைமாட்டில், அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில், போய்த் தங்கும். மேலே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். உள்ளே உத்திரம் பிட்டாகிவிடும். கூலிங் பெயின்டும் ஈரத்தளத்தில் அடித்தால் கொப்புளம் கட்டி உரியும்.

அண்ணா, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உத்திர முனைகளைச் சுவரை ஒட்டி ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் எளிதாக இறங்கினால் அந்த உத்திரம் போயிற்று. கரையான் மண்ணும் இருக்கிறதா பாருங்கள். மாடியில் ஒவ்வொரு தட்டோட்டையும் ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கு என்று சத்தம் வரும் ஓட்டுக்கு அடியில் பிடிப்பில்லை. கைப்பிடிச்சுவர் ஓரத்தில் அரசங்கன்று இருக்கிறதா? கறை அந்த ஓரமாக இருப்பதால் இருக்கும் என்றே நினைக்கிறேன். அதை இழுத்துப் பிடுங்கினால் வேர் உள்ளே அறுந்து மீண்டும் முளைக்கும்; சுற்றியுள்ள இரண்டு மூன்று கல்லை எடுத்துவிட்டு வேரோடு எடுக்க வேண்டும்.

ஒற்றியூர்க் கடலோரம் | 2024 ஜனவரி 13

மேலே எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இன்றைக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வடசென்னையில் எங்கே தேடுவது? திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் நான்காண்டுகளுக்கு முன் சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ரசாயனம் செலுத்தினோம். ஓதம் நின்றுவிட்டது. இரண்டே நாள் வேலை. நவீன முறைகளை இப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடுவது சரியல்ல.

பெரம்பூர்ப் பொறியாளர் | 2024 ஜனவரி 13

தள்ளவில்லை. உங்கள் வீடு சிமென்ட் கட்டாகவும், தரை வெளி மண்ணை விட உயரமாகவும் இருக்குமானால் அந்த முறை வேலை செய்திருக்கும். ஓதத்தடுப்பு எதுவானாலும் வெளி மட்டத்துக்கு மேல் குறைந்தது ஆறு அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். இவர் வீட்டில் தெருவே உள்தரைக்கு மேல் பதினான்கு அங்குலம் நிற்கிறது. தரையோரம் துளையிட்டால் துளைக்கு மேலிருக்கும் சுவரில் தெரு மண் பக்கவாட்டில் ஈரத்தைத் தள்ளும். இருபது அங்குல உயரத்தில் துளையிட்டால் அதற்குக் கீழே உள்ள சுவர் ஈரமாகவே இருக்கும். தவிர, பழைய சுவரின் நடுவில் காரை ஒழுங்காக நிரம்பியிராது. மருந்து பொந்துக்குள் போய்விடும்.

ஒற்றியூர்க் கடலோரம் | 2024 ஜனவரி 14

எங்கள் வீடு 1996-இல் கட்டியது, சிமென்ட் கட்டுதான். தரையும் தெருவை விட இரண்டடி உயரம். நீங்கள் சொல்லும் வேறுபாட்டை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாமே? சென்னையில் பல வீடுகளைத் தூக்கியிருக்கிறார்களே.

பெரம்பூர்ப் பொறியாளர் | 2024 ஜனவரி 14

சுவரடியில் சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் உள்ள வீட்டைத் தூக்கலாம். சுண்ணாம்புக் காரையில் நிற்கும், இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகளோடு ஒட்டிய வீட்டைத் தூக்கச் சொல்லி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தண்டை ஆசிரியை | 2024 ஜனவரி 16

டைல்ஸ் பற்றி என் அனுபவத்தை எழுதிவிடுகிறேன். யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 2017-இல், வர்தா புயலுக்கு அடுத்த ஆண்டு, இதே போல நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டினோம். ஒன்றரை ஆண்டு அழகாக இருந்தது. பிறகு டைல்ஸுக்கு மேலே, அதுவரை காய்ந்திருந்த சுவரில், ஈரக்கோடு தெரியத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அது ஜன்னல் சட்டம் வரை ஏறி, ஜன்னல் கட்டை உளுத்தது. ஓதம் வெளியேறும் வழியை அடைத்துவிட்டோம். அது அடுத்த வழியைத் தேடிக்கொண்டது. டைல்ஸை உடைத்து எடுத்தபோது பின்னால் உப்பு விரல் கனத்துக்கு இருந்தது. ஒட்டிய செலவை விட உடைத்த செலவு அதிகம்.

வண்ணை வாசகன் | 2024 ஜனவரி 16

அம்மா, இதை என் தாயாருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். டைல்ஸ் ஆசை போய்விட்டது. அப்படியானால் இந்தச் சுவரை என்னதான் செய்வது? தெருவை நான் இறக்க முடியாது.

சுண்ணாம்புக்காரர் பேரன் | 2024 ஜனவரி 17

தெருவை இறக்க முடியாது. ஆனால் சுவருக்கு மூச்சு விட இடம் கொடுக்கலாம். ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியும்படி எடுத்துவிடுங்கள். இணைப்புகளில் உதிர்ந்த காரையை ஒரு விரல் ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த தேங்காய் நார்த் துடைப்பத்தால் தட்டி வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள்; கரைந்த உப்பு திரும்பவும் சுவருக்குள் போய்விடும். பிறகு சும்மா விடுங்கள். இந்த 'சும்மா விடுவது' யாருக்கும் பிடிப்பதில்லை.

பெரம்பூர்ப் பொறியாளர் | 2024 ஜனவரி 17

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஈரத்தின் வரவு நின்ற பிறகு, செங்கல் சுவர் ஒரு அங்குல கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் என்ற கணக்கில் உலரும் என்பது எங்கள் தொழிலில் உள்ள பழைய கைக்கணக்கு. உங்கள் சுவர் பதின்மூன்றரை அங்குலம். இரண்டு பக்கமும் காற்றுப் படாது. ஆகவே ஓராண்டுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் என்று சொன்னவர் எந்தப் பொங்கலைச் சொன்னார் என்று கேளுங்கள்.

இன்னொன்று. உப்பு நிறைந்த பழைய பூச்சை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். கடலோரத்து உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். கசிவு நின்ற பிறகும், கடற்காற்று அடிக்கும் நாளில் சுவர் நனைந்து தெரியும். உடனே மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

மண்ணடிக் குடித்தனம் | 2024 ஜனவரி 20

இடையில் ஒரு கேள்வி. மண்ணடியில் வாடகைக்கு இருக்கிறேன். கூரை ஒழுகுகிறது. வீட்டுக்காரர் என் செலவில் சரிசெய்துகொள்ளச் சொல்கிறார். இது முறையா?

தண்டை ஆசிரியை | 2024 ஜனவரி 20

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், குடியிருப்பவரால் ஏற்பட்ட சேதம் தவிர்த்த கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு என்றே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் படங்களோடு எழுத்து வழியாகக் கடிதம் கொடுங்கள். மற்றதைத் தனி இழையில் பேசலாம்.

வண்ணை வாசகன் | 2024 பிப்ரவரி 4

கலர்ப் பொடிச் சோதனை முடிந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா முதலில் தயங்கினார். பிறகு அவரே ஒரு வாளி ஊற்றினார். மூன்றாம் நாள் எங்கள் சுவரில் இளஞ்சிவப்புத் தெரிந்தது. அவர்கள் குளியலறையின் நீர்போக்கி மூட்டு விட்டிருந்தது. செலவில் பாதியை நான் கொடுத்தேன். மாடியில் அரசங்கன்று இருந்தது, தம்பி சொன்னது போலவே. ஆறு உத்திரங்களில் ஒன்றின் முனை மட்டும் உளுத்திருக்கிறது. சமையலறையைப் பற்றி ஐயா சொல்ல வேண்டும்.

பெரம்பூர்ப் பொறியாளர் | 2024 பிப்ரவரி 5

கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பெயர்கிறது. ஆகவே பெயர்ந்த இடத்தில் சிமென்டை அப்பி மூடுவது, சீழ் வைத்த புண்ணைத் தைத்து மூடுவது போன்றது. கூரை முழுவதையும் சுத்தியால் தட்டி, சத்தம் மாறும் இடமெல்லாம் கொத்திவிட்டு, கம்பியின் பின்பக்கமும் விரல் போகும் அளவுக்குக் கான்கிரீட்டை எடுக்க வேண்டும். துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்தபின் கம்பியின் கனத்தை அளக்க வேண்டும். கால் பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு, ஒட்டுப் பூச்சு, அதன் மேல் பாலிமர் கலந்த கலவை, இவற்றை இந்த வரிசையில், கலவையை மட்டும் ஒரே நாளில் அப்பாமல் படலம் படலமாகப் போட வேண்டும்.

உப்பு ஊறிய தளத்தில் ஒட்டுப்போட்ட இடம் நன்றாக இருக்கும்; அதன் ஓரத்தில் துரு புதிதாகக் கிளம்பும். உங்கள் தளம் பத்துக்குப் பன்னிரண்டடிதான். கொத்திப் பார்க்கும்போது பாதிக்கு மேல் கெட்டிருந்தால் இடித்துவிட்டுப் புதுத் தளம் போடுவதே மலிவு. அதை நேரில் பார்க்கும் கட்டமைப்புப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் படத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

வண்ணை வாசகன் | 2024 டிசம்பர் 8

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைத் தளத்தைக் கொத்தியதில் முக்கால்வாசி கெட்டிருந்தது. மார்ச்சில் இடித்துப் புதுத்தளம் போட்டோம்; இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆயிற்று. முன்னறையில் உளுத்த உத்திரத்துக்கு இருபுறமும் இரும்புச் சட்டம் கொடுத்தோம். மாடியில் பிடிப்பு விட்ட நாற்பது தட்டோடுகளை எடுத்து, வாட்டத்தைச் சரிசெய்து, செங்கல் தூள் கலந்த சுண்ணாம்பில் மறுபடி பதித்தோம். சுண்ணாம்புக்காரர் பேரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கூட நின்றார். சுண்ணாம்பை நீற்றும்போது கண்ணாடி போடாமல் குனிந்த என்னை அவர் அதட்டியதையும் பதிவு செய்கிறேன்.

கூடத்துச் சுவர் செப்டம்பர் வரை செங்கல் தெரிய நின்றது. உறவினர்கள் வந்தபோதெல்லாம் வேலை நின்றுவிட்டதா என்று கேட்டார்கள். அக்டோபர் 15 மழைக்குப் பிறகு பிளாஸ்டிக் தாள் ஒட்டிப் பார்த்தோம்: வடக்குச் சுவர் காய்ந்திருந்தது, தெருப்பக்கச் சுவரில் இரண்டடி வரை நீர் கோத்தது. ஆகவே வடக்கில் மட்டும் சுண்ணாம்புப் பூச்சுப் பூசி, கிளிஞ்சல் சுண்ணாம்பு மூன்று கை அடித்தோம். தெருப்பக்கச் சுவரை இன்னும் பூசவில்லை.

நவம்பர் 30 பெஞ்சல் புயல் மழையில் முன்னறைக் கூரையில் புதுக்கறை இல்லை. வாசலில் கட்டிய ஓரடிக் கட்டைச்சுவரைத் தாண்டித் தண்ணீர் வரவில்லை. தெருப்பக்கச் சுவரில் உப்பு மறுபடி மெல்லியதாகப் பூத்திருக்கிறது; தாயார் வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுகிறார். அந்தச் சுவருக்கு இன்னும் எத்தனை மாதம் விட வேண்டும் ஐயா?

பெரம்பூர்ப் பொறியாளர் | 2024 டிசம்பர் 9

கோடை முடியட்டும். ஜூனில் மறுபடி தாளை ஒட்டிப் பார்த்து எழுதுங்கள். அதுவரை அந்தச் சுவரை ஒட்டி பீரோவைப் போடாதீர்கள்.